ஆலாவின் உட்கூரை

நவம்பர் 23, ஞாயிறு

பழைய ரெக்ஸினின் கடைசித் துண்டையும் இன்று பிய்த்து எடுத்துவிட்டேன். அதன் முதுகில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சு மக்கி, மஞ்சள் பொடியாகிக் கடலை மாவு போலக் கொட்டியது. முகமூடி, நீச்சல் கண்ணாடி, தலையில் துண்டு எல்லாம் கட்டிக்கொண்டும் வீட்டுக்கு வந்தபோது மூக்குக்குள் மஞ்சள். இப்போது எங்கள் படகு 'ஆலா'வின் கேபினில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேல்தளத்தின் அடிப்பக்கம் அப்படியே தெரிகிறது. சொரசொரப்பான ஃபைபர் கண்ணாடி, பழைய பசையின் வரிகள், துருப்பிடித்த சில போல்ட் முனைகள். தோலுரித்த விலங்கு போல இருக்கிறது. ஆனால் என் கையால் உரித்தது.

மகள் கோவைக்குப் படிக்கப் போன வருடம் இந்தப் படகை வாங்கினோம். ஊரைவிட்டுப் போன ஒரு வெளிநாட்டுக்காரர் விற்றது. இருபத்துநான்கு அடி, ஒரே பாய்மரம், இரண்டு பேர் படுக்க ஒரு கேபின். மழைக்காலம் முழுக்கத் தேங்காய்த்திட்டுப் படகு யார்டில் கட்டைகள்மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். பாய் கட்டி ஓட்ட நான் இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்டேன். என் கணவருக்கு அவ்வளவு விரைவில் வரவில்லை. அது அவர் குற்றமில்லை. மின்துறைப் பொறியாளர், தரையில் வேலை செய்பவர்.

உட்கூரை இந்த நிலைக்கு வந்த கதை எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். போன மார்ச்சில் காரைக்காலிலிருந்து திரும்பும்போது காற்று திடீரென்று வலுத்துவிட்டது. இவர் வாந்தியெடுத்துச் சுருண்டு கேபினில் கிடந்தார். அலை ஒன்று அறைந்ததும் அவர் படுத்திருந்த பக்கத்து ரெக்ஸின் மொத்தமாகக் கழன்று அவர் முகத்தில் போர்வை போல விழுந்தது. "வசு! வசு! கூரை!" என்று உள்ளிருந்து ஒரு குரல். நான் சுக்கானை விட முடியுமா? அப்படியே விடியும்வரை ஓட்டி வந்து முகத்துவாரத்துக்குள் கொண்டு சேர்த்தேன். தனியாக.

இதைச் சொல்லும்போதெல்லாம் அந்தக் குரலையும் செய்துகாட்டுவேன். ஆசிரியர் அறையே சிரிப்பில் அதிரும்.

நவம்பர் 24

காதுக்குள்ளும் மஞ்சள்.

நவம்பர் 30

இரவுச் சாப்பாட்டின்போது அவர் சொன்னார், "சென்னையிலேர்ந்து ஒருத்தர் பேசினாரு. படக வந்து பாக்கறேங்கறாரு."

"எதுக்குப் பாக்கணும்?"

"விக்கிறதுன்னா பாக்கணும் இல்ல?"

தோசையைத் திருப்பிப் போட்டேன். பிப்ரவரியில் வடகிழக்குக் காற்று நிதானமாகும்போது காரைக்கால்வரை மறுபடியும் போக வேண்டும் என்பது என் திட்டம். இரவும் பகலும் மாறி மாறி விழித்திருக்க இரண்டு பேர் வேண்டும். அவரில்லாமல் போக முடியாது. அவருக்கும் அது தெரியும்.

"நீங்க வர்றீங்களா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க."

"அந்தக் கேபினுக்குள்ள என்னால இருக்க முடியல, வசு. அவ்வளவுதான்."

"கேபினச் சரி பண்ணிட்டா?"

"பிப்ரவரி நடுவரைக்கும் பாக்கலாம். அதுவரைக்கும் அவர வரச் சொல்லல. அப்பவும் மனசு வரலேன்னா வித்துடலாம். யாரும் ஓட்டாம யார்டுல கெடந்து மக்கறதுக்கு எதுக்குப் படகு?"

நியாயமான பேச்சு. கேபின்தான் சிக்கல் என்றால் அது தீர்க்கக்கூடிய சிக்கல். இயற்பியல் படித்தவளுக்கு ஒரு கூரை பெரிய விஷயமா?

டிசம்பர் 7, ஞாயிறு

அளந்தேன். கேபினின் நடுவில் தரையிலிருந்து வெறும் கூரைவரை ஐந்தடி பத்தரை அங்குலம். எனக்குத் தலைக்கு மேல் ஒரு சாணுக்கு மேலேயே இடமிருக்கிறது.

யார்டுக்காரர்கள் எல்லோரும் பி.வி.சி. பட்டைகளைச் சிபாரிசு செய்கிறார்கள். வீடுகளில் பொய்க்கூரைக்குப் போடுவார்களே, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் அதேதான். தண்ணீர் ஒன்றும் செய்யாது, துடைத்தால் போதும். ஆனால் சட்டம் அடித்து அதன்மேல்தான் கோக்க வேண்டும். சட்டமும் பட்டையுமாக இரண்டு அங்குலம் போய்விடும். தவிர, பளபளப்பு. உள்ளே நின்றால் கல்யாண மண்டபத்து டிபன் ஹாலில் நிற்பது போலிருக்கும். வேண்டாம்.

எனக்கு இரண்டு அங்குலம் போவதால் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு படகின் கேபினில் மனிதர்கள் நிமிர்ந்து நிற்க முடியவேண்டும் என்பது ஒரு கொள்கை.

(அவர் உயரம் ஐந்தடி ஒன்பது.)

டிசம்பர் 11

கோரைப்பாய் யோசனை என்னுடையதுதான். மெல்லியது, வெப்பத்தைத் தடுக்கும், பார்க்கவும் அழகு. சாயமில்லாத பாயை ஒரு கஜம் வெட்டி, கூரையில் நாடா போட்டு மாட்டிப் பார்த்தேன். விளக்கைப் போட்டதும் கேபின் முழுக்கத் தேன் நிறம். இதைவிட என்ன வேண்டும் என்று அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 16

மழை விடவேயில்லை. கோரைப்பாயில் பூஞ்சணம். கறுப்பும் பச்சையுமாக, வரைபடத்தில் தீவுகள் மாதிரி.

டிசம்பர் 20

அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்தும்போது புதிதாக வந்திருக்கும் வேதியியல் டீச்சர் கேட்டார், "நீங்கதான் படகு ஓட்டுற மேடமா?" காரைக்கால் கதையைச் சொன்னேன். குரலையும் செய்துகாட்டினேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

என்னை அழைத்துப்போக இவர் வந்து வாசலில் நின்றிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் பேசவில்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு என்ன பேசுவது.

டிசம்பர் 27

எதுவுமே போடாமல் வெள்ளை வண்ணம் மட்டும் அடித்துவிட்டால் என்ன? பல படகுகளில் அப்படித்தான். கூரையின் உயரம் ஒரு நூல்கூடக் குறையாது. சோதித்துப் பார்க்க நேற்று யார்டிலேயே கேபினில் தூங்கினேன். விடியற்காலையில் முகத்தில் சொட்டு. வெளியே மழையில்லை. என் மூச்சுக்காற்றின் ஈரமே குளிர்ந்த ஃபைபரில் பட்டு நீராகி என் மேலேயே விழுகிறது. ஒருவர் மூச்சே இப்படியென்றால் இருவர் தூங்கினால் மழைதான்.

ஆகவே ஏதாவது ஒரு உறை வேண்டும். மெல்லியதாக.

கார்க் தகடு பற்றிச் சென்னையில் விசாரித்தேன். நல்ல பொருள். ஆனால் வருவதற்கு மார்ச் ஆகுமாம். கம்பள விரிப்பை ஒட்டலாம் என்றார் யார்டு மேலாளர். அவர் படகில் அப்படித்தான். உள்ளே தலையை நீட்டினேன். ஈர நாய் வாசனை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 3

காமராஜர் சாலையில் வேன்களுக்கும் ஆட்டோக்களுக்கும் சீட் தைக்கும் ஜாகீர் பாயைப் பார்த்தேன். படகையே பார்த்துவிடுகிறேன் என்று வந்து, ஏணியில் ஏறி, உள்ளே நின்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

"இன்னா டீச்சர், இம்மாத்தூண்டு. நான் இன்னாவோ கப்பல்னு நெனச்சுக்குனு வந்தேன்."

"இதுக்கு மேல ரெக்ஸின் ஒட்டணும் பாய். பஞ்சு வெச்சதுதான், ஆனா மெல்லிசா."

"ரெண்டு எம்.எம். பஞ்சு போட்ட ரெக்ஸின் இருக்குது. வேன் கூரைக்கு அதான் ஒட்றோம். நேரா பசையத் தடவி ஒட்டிடு. சட்டமும் வாணாம், ஒண்ணும் வாணாம். ஒட்னா ஒட்னதுதான். பத்து வருசத்துக்கு அசையாது."

யானைத்தந்த நிறம் தேர்ந்தெடுத்தேன். "வெள்ளைல அழுக்கு தெரியும், சாம்பல்ல எட்த்துக்க," என்றார். எனக்கு அழுக்குத் தெரிவதே நல்லது, துடைப்பேன். ஒட்டுவதை நானே செய்துகொள்கிறேன் என்றதும் புருவத்தை உயர்த்தினார்.

ஜனவரி 11, ஞாயிறு

முடித்துவிட்டேன்!

இரண்டு நாள் உப்புத்தாள் தேய்த்து, துணியால் துடைத்து, காயவிட்டு, இருபுறமும் பசை தடவி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் தேய்த்து ஒட்டினேன். ஓர் இடத்தில்கூடக் காற்றுக் கொப்புளம் இல்லை. தோள்பட்டை இரண்டும் கழன்றுவிட்டது போலிருக்கிறது. ஆனால் உள்ளே நின்று பார்க்கும்போது... முட்டை ஓட்டுக்குள் நிற்பது போல. போல்ட்டுகள் எல்லாம் மறைந்துவிட்டன. யார்டு மேலாளர் எட்டிப் பார்த்து, "கம்பெனி வேல மாதிரி இருக்கு மேடம்," என்றார். கம்பெனி வேலையைவிட நன்றாக இருக்கிறது.

அவர் மாலையில் வந்தார். உள்ளே இறங்கி நின்றார். தலை தட்டவில்லை. கையை உயர்த்தி ரெக்ஸினைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்கு, வசு."

"இப்ப உள்ள இருக்க முடியுமில்ல?"

"நல்லா இருக்கு," என்றார் மறுபடியும்.

ஜனவரி 16

நாத்தனார் கோதைநாயகி பொங்கலுக்கு வந்திருக்கிறார். அவருக்கு அக்கா, எனக்கு அண்ணி, எங்கள் இருவருக்கும் மேலதிகாரி. படகுக்குள் அடுப்பு இருக்கிறது, படுக்கை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அடுப்பு இருந்தா அது வீடு. வீடுன்னா பால் காய்ச்சணும். நீங்க வாங்குனப்பவே காய்ச்சல, அதான் தம்பிக்கு ஒத்துக்கல."

"அண்ணி, அது படகு."

"தை பொறந்தாச்சு. இருபத்தஞ்சாம் தேதி நாள் நல்லா இருக்கு."

எனக்கும் ஆசைதான் என்று எழுத வேண்டியதில்லை. கூரையை நாலு பேர் பார்க்கட்டுமே.

ஜனவரி 25, ஞாயிறு

முழுதாக எழுதிவிடுகிறேன்.

பட்டுச்சேலையில் அண்ணி ஏணி ஏறியதே ஒரு திருவிழா. கீழே இரண்டு பேர் தாங்க, மேலே இவர் கையைப் பிடித்து இழுக்க, "தணிகா, என்ன விட்டுடாதடா!" என்று ஒரு கூச்சல். கேபினில் ஏழு பேர். இருக்கும் இடத்தில் நான்கு பேர்தான் உட்காரலாம். திடீரென்று தூறல் பிடித்துக்கொண்டதால் மேல்கதவையும் சாத்திவிட்டோம். அடுப்பைப் பற்றவைத்தேன். பெரிய பாத்திரம்தான் வேண்டும் என்று அண்ணி வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். அது பொங்குவதற்குள் எல்லோருக்கும் வேர்த்து வழிந்தது.

காத்திருக்கும் நேரத்தில் அண்ணியின் மருமகள் கேட்டாள், "அத்தே, அந்தக் காரைக்கால் கத சொல்லுங்களேன்." சொன்னேன். "வசு! வசு! கூரை!" என்ற இடம் வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி தம்பியின் முதுகில் தட்டிச் சிரித்தார். இவர், "பால் பொங்குது," என்றார். எழுந்து வெளியே போக இடமில்லை.

பால் பொங்கியது. நெய்வேலிக் கொதிகலன் போல ஆவி மேலே எழும்பியது. "பொங்கலோ பொங்கல்!" என்று அண்ணி வாயைத் திறந்தபோது அடுப்புக்கு நேர்மேலே ரெக்ஸினில் ஒரு வயிறு தொங்குவதைப் பார்த்தேன். அது வளர்ந்தது. நான் ஒரு கையை உயர்த்தினேன். அவ்வளவுதான் முடிந்தது. சர்ரென்று ஒரு சத்தம். நடுவிலிருந்து ஓரம்வரை, நான் ஒட்டிய அதே வரிசையில் கழன்று, மொத்தக் கூரையும் ஏழு பேர் தலையில் விழுந்தது.

இவர்தான் முதலில் அடுப்பை அணைத்தார். எல்லோரையும் ஒவ்வொருவராக மேலே ஏற்றினார். ரெக்ஸின் அதிகமாக விழுந்தது என் மேல்தான். இளகிய பசை என் கூந்தலில். கழற்றவே முடியவில்லை.

அண்ணி கீழே இறங்கியதும் சொன்னார், "பரவால்ல, பால் பொங்கிடுச்சு. அதான் முக்கியம்."

ஜனவரி 26

விடுமுறை. காலையிலிருந்து தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, அவர் என் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, இழை இழையாகப் பசையை உருவி எடுத்தார். மதியம்வரை ஆயிற்று. ஒரு முடிகூட வெட்ட வேண்டியிருக்கவில்லை.

"சிரிங்களேன்," என்றேன் ஒரு கட்டத்தில். "சிரிச்சுடுங்க. பரவால்ல."

"ஆடாம உக்காரு."

ஜனவரி 28

ஜாகீர் பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, உண்மையிலேயே வியந்து போனார்.

"பால் காச்சுவீங்கோன்னு யார் டீச்சர் சொன்னா? வேன்ல ஒருத்தனும் பால் காச்ச மாட்டானே!"

பிப்ரவரி 1, ஞாயிறு

அவருடைய அலுவலக நண்பர் வீட்டுக் காதுகுத்து. யாரோ கேட்டார்கள், "என்ன சார், படகு என்னாச்சு? மேடம் கூரையெல்லாம் மாத்துறாங்களாமே." சாப்பாட்டு வரிசையில் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். கையில் சாம்பார் சாதம். ஒரு கூட்டத்தையே சிரிக்கவைக்கும் கதை அவர் கையில் இருந்தது. பட்டுச்சேலை, பால், கூந்தலில் பசை, எல்லாம்.

"வேல நடக்குது," என்றார். "நல்லா வந்துட்டிருக்கு." பிறகு அப்பளம் கேட்டார்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் துணி மடித்தேன். மடித்ததையே மறுபடியும் மடித்தேன்.

பிப்ரவரி 3

ஒன்பதாம் வகுப்பில் மீள்தன்மை பாடம். பிளாஸ்டிக் ஸ்கேலை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினேன். வில்லாக மேலே வளைந்து நின்றது. "பாருங்க, ஒட்டல, ஆணி அடிக்கல. ரெண்டு ஓரமும் நகரக்கூடாது, அவ்வளவுதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வகுப்பு முழுக்க என்னைப் பார்க்கிறது.

கேபினின் கூரையும் வில்போல வளைந்ததுதானே! அதன் அகலத்தைவிடச் சற்று நீளமாக மெல்லிய ப்ளைவுட் தகடுகளை வெட்டி, மேலே வளைத்து ஏற்றினால், அது தன் விசையாலேயே கூரையோடு அழுந்தி நிற்கும். இரு ஓரங்களிலும் மட்டும் ஒரு தேக்குப் பட்டையைத் திருகிப் பிடித்தால் போதும். பசை வேண்டாம். நடுவில் சட்டம் வேண்டாம். வேண்டும்போது கழற்றி போல்ட்டுகளைப் பார்க்கலாம். பின்னால் ஒரு மெல்லிய நுரைத்தகடு வைத்தால் ஈரமும் சொட்டாது. எல்லாம் சேர்த்துக் கால் அங்குலம், மிஞ்சினால் கொஞ்சம் கூடுதல்.

அதாவது, நிமிர்ந்து நிற்கலாம்.

இது யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானே கண்டது. எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 7

ஐந்து தகடுகள், படகுகளுக்கென்றே வரும் ப்ளைவுட்டில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோட் வெள்ளை. முதல் தகட்டைத் தனியாக ஏற்றப் பார்த்தேன். ஒரு ஓரத்தைப் பிடித்தால் மறு ஓரம் துள்ளுகிறது. ஒட்டடைக் குச்சி, துடைப்பக் கட்டை, தலையணை எல்லாம் முட்டுக்கொடுத்துப் பார்த்தேன். தகடு பாய்ந்து என் தோளில் அடித்தது. இரண்டு முறை. மூன்றாவது முறை நானே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

"நாளைக்கு கொஞ்சம் வர்றீங்களா?" என்று நேற்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். எனக்கு அவ்வளவுகூடக் கேட்டுப் பழக்கமில்லை.

வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தகட்டின் நடுவுக்கு அடியில் போய் நின்று, தலையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, அப்படியே நிமிர்ந்தார். தகடு அவர் உச்சந்தலையில் ஏறி, வளைந்து, கூரையோடு போய் ஒட்டிக்கொண்டது. அவர் உயரமும் கூரையின் உயரமும் யாரோ அளந்து செய்தது போலப் பொருந்தின. இரு கைகளையும் நீட்டி ஓரங்களைப் பிடித்துக்கொண்டார். நான் இடதுபுறம் பட்டையைத் திருகினேன்.

"சீக்கிரம் வசு, கழுத்து உள்ள போகுது."

"ஆடாம நில்லுங்க."

"இதுக்குத்தான் கூப்ட்டியா, தூணுக்கு?"

"தூண் பேசாது."

சிரித்தார். அவர் சிரித்ததில் தகடும் குலுங்கியது. மூன்றாவது தகட்டிலிருந்து வலதுபுறத் திருகுகளை அவரே போட்டார். நான் துண்டைத் தலையில் வைத்து நிற்கலாமென்று பார்த்தேன், எட்டவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நின்றேன்.

பிப்ரவரி 9

கேபினில் வெந்நீர் வைத்து, ஆவி பிடிப்பது போலக் கதவைச் சாத்திச் சோதித்தேன். அசையவில்லை.

பிப்ரவரி 12

கிரேன் வந்து ஆலாவைத் தண்ணீரில் இறக்கியது. மிதந்ததும் அது லேசாகத் தலையாட்டியது. இருவரும் மேல்தளத்தில் உட்கார்ந்து டீ குடித்தோம். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"சென்னைக்காரருக்கு என்ன சொல்லப் போறீங்க?"

டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "காரைக்கால் வரைக்கும் வர்றேன், வசு. ஆனா ஒண்ணு. உள்ள போய்ப் படுன்னு சொல்லாத. போன தடவ கரையவிட்டுக் கெளம்புனதுலேர்ந்து அதான் சொன்ன. 'நீங்க உள்ள போய்ப் படுங்க, நான் பாத்துக்கறேன்.' உள்ள படுத்தாதான் எனக்குக் கொமட்டுது. வெளிய உக்காந்து கண்ணுக்கு நேரா கடல் தெரிஞ்சா ஒண்ணும் பண்ணல."

இவ்வளவு உழைத்துக் கூரை போட்டது யாருக்காம் என்று கேட்டிருக்கலாம்.

"அப்ப சுக்கான நீங்க பிடிங்க," என்றேன்.

"நெஜமாவா?"

"கத்துக்கிட்டு."

சென்னைக்காரருக்கு அங்கேயே, என் எதிரிலேயே ஃபோன் செய்தார். "இல்ல சார். விக்கல."

பிப்ரவரி 21, சனி, கடலில்

முகத்துவாரத்தைத் தாண்டும்வரை நான் பிடித்தேன். பிறகு அவர். முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இடது, கொஞ்சம் இடது, பாய் படபடக்குது பாருங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் சொல்வதற்கு எதுவும் இல்லை. வடகிழக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல நிதானமாக வந்தது. பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு மீன்பிடிப் படகு குறுக்கே வந்தது. அதிலிருந்தவர், "அண்ணே, எங்க போறீங்க?" என்று கத்தினார். "காரைக்கால்!" என்று இவர் கத்தினார். படகு அவருடையது என்பது போல. அவர் குரல் அப்படிக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது.

மதியச் சோறு முடிந்ததும் அவர் சொன்னார், "நீ போய்க் கொஞ்சம் படு. நான் பாத்துக்கறேன்."

சிலிர்த்துப் பதில் சொல்ல வாயெடுத்தேன். பிறகு எழுந்து உள்ளே வந்தேன்.

இந்தப் படகு ஓடும்போது நான் உள்ளே படுத்ததே இல்லை. மல்லாந்து படுத்தால் கூரை இப்படித் தெரியும் என்று இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது. தண்ணீரில் பட்ட வெயில் சன்னல் வழியே வந்து வெள்ளைத் தகடுகளில் நெளிகிறது. தகடுகள் ஒரே வளைவில், ஒரு மயிரிழை பிசகாமல், முனையிலிருந்து முனைவரை. அலை ஏறி இறங்கும்போது லேசாக முனகுகின்றன, கழலவில்லை. இதை நான் செய்தேன். நாங்கள் செய்தோம். இந்தக் கரையோரத்தில் எந்தப் படகிலும் இப்படி ஒரு கூரை இருக்காது என்று எழுதினால் அது மிகையாகாது.

வலதுபுறம், நான்காவது தகட்டின் ஓரத்தில் ஒரு திருகு கோணலாக இருக்கிறது. தலை பாதி வெளியே நீட்டிக்கொண்டு, நன்றாகவே கோணல். அவர் போட்டது.

"உள்ள எப்படி இருக்கு?" என்று மேலிருந்து குரல் கொடுக்கிறார்.

"நல்லா இருக்கு," என்றேன்.